பழைய டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் முறை

பல ஆண்டுகள் ஓடிய டீசல் பிக்கப் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், அதைப் பார்க்கும் முதல் ஆளே "பம்ப் போய்விட்டது" என்றோ "நாசில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை) போய்விட்டது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் இந்தப் புகாருடன் வரும் வண்டிகளில் பேட்டரி கேபிள், எர்த் இணைப்பு, டீசல் லைனில் புகும் காற்று ஆகிய மூன்றுமே திரும்பத் திரும்ப அகப்படுகின்றன. இவற்றைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றியவர்கள், பணத்தைச் செலவழித்த பிறகும் அதே குறையோடு அலைவதைப் பலமுறை பார்த்தாயிற்று. ஆகவே, ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும் பெருஞ்செலவு கடைசியிலுமாகக் காரணங்கள் தரப்பட்டுள்ளன. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

இது மெக்கானிக்கல் பம்ப் பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்களுக்கான வழிமுறை. பானட்டைத் திறந்ததும், பம்ப்பிலிருந்து நான்கு இரும்புக் குழாய்கள் நேராக நான்கு இன்ஜெக்டர்களுக்குப் போவது தெரிந்தால் உங்கள் வண்டி இந்த வகையைச் சேர்ந்தது. குழாய்கள் ஒரு பொது ரெயிலிலிருந்து பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒயர் செருகப்பட்டிருந்தால் அது காமன் ரெயில் எஞ்சின். அந்த எஞ்சினுக்குக் கீழே உள்ள அறிகுறி 1 மட்டுமே பொருந்தும். ஓடும்போது அந்தக் குழாய்களில் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் எழக்கூடும் என்பதால், அவற்றின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை அங்கே காட்டவே கூடாது.

மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய் (டீசலைத் தாங்கும் ஒளிபுகு பிளாஸ்டிக் குழாயைத்தான் கடைகளில் இப்படிச் சொல்கிறார்கள்), சுத்தமான ஐந்து லிட்டர் கேன், ஸ்பேனர் செட் ஆகியவை போதும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

எதையும் கழற்றுவதற்கு முன், ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நின்று பாருங்கள். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எஞ்சினை வேகமாகச் சுற்றுகிறதா, சுற்றும்போது புகை வருகிறதா, வந்தால் அது என்ன நிறம், இந்தத் தொல்லை இரவு முழுக்க நின்ற பிறகு வருகிறதா அல்லது சூடான எஞ்சினில் வருகிறதா என்ற கேள்விகளுக்கான விடைகள்தான் நீங்கள் எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு தடவையில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் மோட்டாரை ஆற விட வேண்டும்.

ஏர் பில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியை வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியோ, டப்பாவில் விற்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ டீசல் எஞ்சினுக்குள் தவறான நேரத்தில் வெடித்தால் பிஸ்டனும் ரிங்கும் உடையலாம். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) உள்ள எஞ்சினில் இந்த அபாயம் இன்னும் அதிகம். இதில் நோயறிதலுக்கான பயனும் பெரிதாக ஒன்றுமில்லை.

அறிகுறி 1: செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது "டக்" என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது

டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி அதன் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைப்பதால், சுற்றும் வேகம் குறைந்தால் அந்தச் சூடு வராது. எனவே டீசல் பக்கம் போவதற்கு முன்பாக வேகத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

பேட்டரியில் தொடங்குங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். அதன் பிறகு சாவியைத் திருப்பிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். முழுச் சார்ஜிலும் அப்படியே சரிந்தால் பேட்டரி முடிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் அளந்து பாருங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைந்து நின்றால், அந்த ஒரு செல்லே பேட்டரி முழுவதையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாக இருந்தால் டெர்மினலைப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்ததும் போஸ்ட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே ஒரு ஆணியை அடித்து ஒப்பேற்றியிருப்பது பழைய பிக்கப்களில் வெகு சாதாரணம். அந்த ஆணி ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் அது போதும், செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குப் போதாது. கிளாம்பைக் கழற்றி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் படிவை வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேவையானால் புதிய கிளாம்ப் மாட்டுங்கள்.

அடுத்தது கேபிள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கேபிளின் உறைக்குள் செம்பு பச்சையாய் அரித்திருக்கக்கூடும் என்பதால், பார்வையை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட்டிலும், மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளோ இணைப்போ மின்சாரத்தை விழுங்குகிறது. அதேபோல நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்புக்கும் இடையில் பாருங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை.

எர்த் விஷயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டை திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது விட்டுப்போனால் செல்ஃபின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் போகப் பார்க்கும். அந்தக் கேபிள்கள் சூடேறி உறை உருகிய வாடை வந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

ஒலியும் உதவும். "டக்டக்டக்" என்று தொடர்ந்து துடித்தால் பேட்டரியிலோ இணைப்பிலோ பலம் இல்லை. ஒரே ஒரு கனத்த "டக்" மட்டும் வந்து மீட்டரில் வோல்ட்டேஜ் சரியாமல் நின்றால், செல்ஃபின் சோலனாய்டு (மின்சாரம் பட்டதும் இழுக்கும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட்டோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. மோட்டார் மட்டும் "விர்ர்" என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸோ (செல்ஃபை எஞ்சினோடு பிணைக்கும் பல்சக்கர அமைப்பு) ஃபிளைவீலின் ரிங் பல்லோ குறை. இந்த மூன்றில் பின்னிரண்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை. புதிய செல்ஃப் வாங்கச் சொன்னால், முதலில் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி 2: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே இல்லை

புகை இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை என்று பொருள். டேங்க்கில் டீசல் இருக்கிறதா என்பதைக் காட்டும் முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது காற்றை உள்ளிழுக்கும் ஒலி கேட்டால் டேங்க்கின் மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறது.

பிறகு, எஞ்சினை அணைக்கும் அமைப்பைப் பாருங்கள். கையால் இழுத்து அணைக்கும் வண்டிகளில் ஸ்டாப் கேபிள் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுவிட்டால், பம்ப்பின் லீவர் அணைக்கும் நிலையிலேயே இருக்கும். விரலால் அந்த லீவரைத் தள்ளிவிட்டாலே தெரிந்துவிடும். சாவியால் அணையும் வண்டிகளில், பம்ப்பிலிருந்து இரும்புக் குழாய்கள் புறப்படும் இடத்துக்கு அருகே ஒரு சிறிய சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்யும்போது அதில் விரலை வைத்தால் ஒரு மெல்லிய தட்டல் உணரப்பட வேண்டும். தட்டவில்லை என்றால் அதன் ஒயரில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள்: லேம்ப் எரியாவிட்டால் பியூஸ், ஒயர், சாவி சுவிட்ச் ஆகியவற்றில் குறை, எரிந்தும் தட்டாவிட்டால் சோலனாய்டு மாற்ற வேண்டியதுதான். இது சிறிய செலவு. இதைக் கண்டுபிடிக்காமல் பம்ப்பை இறக்கினால்தான் பெரிய செலவு.

சோலனாய்டு சரியாக இருந்தால் பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் சில நிமிடங்களில் அடியில் தனியாகத் தங்கும். மழைக்காலத்தில், குறிப்பாக டேங்க் மூடியின் ரப்பர் போன வண்டிகளில், இது அடிக்கடி நேரும். பில்டரை எப்போது மாற்றினீர்கள் என்பது நினைவில்லை என்றால் அதை மாற்றிவிட்டே மேலே போங்கள்.

கடைசியாக, ஹேண்ட் பிரைமரை (லைனில் டீசலை ஏற்றும் சிறிய கைப்பம்ப்) அமுக்கி, பில்டர் தலையிலுள்ள பிளீடர் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றுங்கள். திருகை இறுக்கிய பின், இன்ஜெக்டர் முனையில் இரண்டு குழாய்களின் நட்டை மட்டும் ஒரு சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால், அங்கிருந்து டீசல் துடிப்புத் துடிப்பாகக் கசிய வேண்டும். கை அருகில் போகக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டிய ஆபத்து அது. பில்டர் வரை நன்றாக வரும் டீசல் குழாய் முனைகளில் வரவே இல்லை என்றால், பம்ப்பின் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட் அறுந்திருக்கலாம். இங்கே நீங்கள் நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். மேற்கொண்டு செல்ஃப் அடிக்கவே கூடாது.

அறிகுறி 3: இரவு நின்ற வண்டி காலையில் வெகு நேரம் சுற்றிய பின்பே பிடிக்கிறது, பிடித்த பிறகு நாள் முழுக்கக் குறையே இல்லை

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். மிக அதிகமாகத் தவறாகப் பார்க்கப்படுவதும் இதுதான். வண்டி நிற்கும் நேரத்தில் எங்கோ ஒரு நுண்ணிய வழியில் காற்று புகுந்து, லைனிலுள்ள டீசல் மெல்ல டேங்க்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் பம்ப் முதலில் அந்தக் காற்றை இழுத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. காற்று நுழையும் இடத்தில் டீசல் கசியாது என்பதால், தரையில் சொட்டு இல்லை, ஆகவே லீக் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு நாள் இரவு வண்டியை முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். இன்னொரு நாள் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். தாழ்ந்த நிலையில் உடனே பிடித்து, உயர்ந்த நிலையில் அடம்பிடித்தால் டீசல் பின்னோக்கி வடிவது உறுதி. சரிவு கிடைக்காதவர்கள் காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே ஹேண்ட் பிரைமரை அமுக்கிப் பார்க்கலாம். ஓரிரு அமுக்கலிலேயே கெட்டிப்பட்டால் லைன் நிறைந்திருக்கிறது. மெத்தென்று பலமுறை உள்ளே போய், அதன் பிறகு கெட்டிப்பட்டு, அப்போது எஞ்சினும் உடனே பிடித்தால் காற்றுதான் காரணம்.

காற்று எங்கே புகுகிறது என்பதைப் பிடிக்கக் கண்ணாடிக் குழாய் வேண்டும். பில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் குழாயின் இடத்தில் அதை மாட்டி எஞ்சினை ஓட விட்டால், குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நகர்வது கண்ணுக்கே தெரியும். பிறகு அதே குழாயைப் பில்டருக்கு முன்னே மாற்றி மாட்டுங்கள். அங்கேயும் குமிழி வந்தால் குறை டேங்க்குக்கும் பில்டருக்கும் இடையில். அங்கே வராமல் பில்டருக்குப் பிறகு மட்டும் வந்தால் பில்டர் தலையில்.

குமிழி அகப்படாமல் ஏமாற்றினால் கேன் சோதனையைச் செய்யுங்கள். மாலையில் டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, பம்ப்பைவிட உயரத்தில் கட்டிய கேனிலிருந்து பில்டரின் நுழைவாய்க்கு நேராக டீசல் கொடுங்கள். மறுநாள் காலை எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்து, பில்டர் பக்கத்து இணைப்புகளும் உலர்ந்தே இருந்தால் குறை டேங்க் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த முறையில் மற்றொரு வசதியும் உண்டு: டீசல் மேலிருந்து அழுத்துவதால், அதுவரை காற்றை இழுத்துக்கொண்டிருந்த பில்டர் பக்கத்து இணைப்புகள் இரவில் டீசலைக் கசியவிட்டு ஈரமாகித் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மலிவானதிலிருந்து இவை. முதலில் ரப்பர் குழாய்களும் கிளிப்புகளும்: வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் வெடிப்புத் தெரியும் குழாயை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். அடுத்து பான்ஜோ போல்ட்டின் (குழாயின் வளைய முனையைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) இருபுறமும் உள்ள காப்பர் வாஷர்கள். பில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய வாஷரையே போட்டு முறுக்கியிருந்தால் அது உட்காராது. மூன்றாவது, பில்டர் தலையின் ரப்பர் சீலும் ஹேண்ட் பிரைமரின் உள்ளேயுள்ள ரப்பரும். பிரைமரைச் சுற்றி எப்போதும் தூசி அப்பி ஈரமாக இருந்தால் அதைச் சந்தேகியுங்கள். இன்ஜெக்டர்களின் தலைகளை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் குழாய்களை (மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புபவை)ப் பலர் பார்ப்பதே இல்லை. எஞ்சின் சூட்டில் அவை கட்டையாகி, விரலால் அசைத்தாலே சுழலும் நிலைக்கு வந்துவிடும். அந்த வழியாகவும் காற்று புகும். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் சேஸிஸ் ஓரமாய்ப் போகும் இரும்பு லைனில் கிளாம்ப்புக்கு அடியிலான துருத் துளையும், டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் விரிசலும் வருகின்றன. டேங்க் கால்பங்குக்குக் கீழே இறங்கினால் மட்டும் தொல்லை வருகிறது என்றால் அந்த விரிசலையே முதலில் பாருங்கள்.

ரோட்டரி பம்ப்பை (ஒரே சுழலும் ரோட்டர் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் பிரித்துத் தரும் வகை) கழற்றி மாட்டிய பிறகு இந்தக் குறை வந்திருந்தால் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். அந்தப் பம்ப்பின் ரிட்டர்ன் பக்கத்துப் பான்ஜோ போல்ட்டில் மட்டும் ஒரு சிறு துளைதான் இருக்கும். அதன் தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். உள்ளே வரும் பக்கத்துப் போல்ட்டும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதால் மாற்றி மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டினால் ஸ்டார்ட்டும் தாமதிக்கும், ஏற்றத்தில் இழுவையும் இருக்காது.

இவை எல்லாவற்றையும் முடித்தும் காற்று தீரவில்லை என்றால், பம்ப்பின் ஷாஃப்ட் சீல் வரை பார்க்க வேண்டியிருக்கும். அது டீசல் பம்ப் சர்வீஸ் செய்பவரின் மேஜைக்கு உரிய வேலை.

அறிகுறி 4: சுற்றும்போது வெள்ளைப் புகை தள்ளுகிறது, பிடிப்பதில்லை; பிடித்தாலும் சிறிது நேரம் தடதடக்கிறது

கண்ணைக் கரிக்கும் டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால், எரிபொருள் வருகிறது, எரியவில்லை. செல்ஃபின் வேகத்தை மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டு ஹீட்டர் பிளக்குக்குப் போங்கள். எல்லா எஞ்சினிலும் இது இருக்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பல, சமவெளி வெயிலில் இது இல்லாமலேயே பிடித்துவிடும். உங்கள் எஞ்சினில் இருந்தால், மேலே இணைக்கும் பட்டையைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். எரியாத பிளக் போய்விட்டது. எல்லாம் எரிந்தால், பட்டையை மாட்டிவிட்டுச் சாவியை ஹீட்டர் நிலையில் வைத்துப் பட்டையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்; வராவிட்டால் ரிலே. சமவெளியில் ஒன்றிரண்டு பிளக் போனது யாருக்கும் தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடும். உறைபனி விழும் சனவரி மாதத்தில் ஊட்டிக்குச் சரக்கு ஏற்றிப்போய் இரவு தங்கினால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும்.

அதன் பிறகு டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி). இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுமையாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டரில் அழுத்தப்படும் காற்றின் அழுத்தம்) கசியும். சரிசெய்யக் கூலி அதிகமில்லை. அடுத்தது பம்ப் டைமிங், அதாவது பம்ப் டீசலைத் தரும் சரியான தருணம். பம்ப்பை அண்மையில் யாராவது தொட்டிருந்தாலோ, அதன் பிடிப்பு நட்டுகள் தளர்ந்திருந்தாலோ இதை முன்னால் கொண்டுவாருங்கள். டைமிங்கைக் காதால் கேட்டு வைப்பவரிடம் கொடுக்காமல், டயல் கேஜ் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டிய கட்டம் இதற்குப் பிறகுதான். எஞ்சின் பிடித்துத் தடதடக்கும்போது ஒவ்வொரு குழாயின் நட்டையும் துணியால் மூடிக்கொண்டு ஸ்பேனரால் சிறிதே தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் ஒலியில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. நாசில் டெஸ்டரில் வைத்து, எத்தனை பார் அழுத்தத்தில் திறக்கிறது, பனிபோல் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் நாசில் மாற்ற வேண்டாம்.

நாசிலும் நன்றாக இருந்தால் மிஞ்சுவது கம்ப்ரஷன். செல்ஃப் சுற்றும் ஒலியைக் கூர்ந்து கேட்டால், நல்ல எஞ்சினில் நான்கு அடியும் ஒரே கனத்தில் விழும். ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால் அந்த அடி வரும்போது மட்டும் எஞ்சின் சட்டென்று இலகுவாகச் சுற்றும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகையும் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள சீல்) சந்தேகியுங்கள். உறுதிப்படுத்த டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் கேஜை மாட்டினால் கேஜ்தான் உடையும். இங்கிருந்து எல்லாமே எஞ்சின் மெக்கானிக்கின் வேலை.

அறிகுறி 5: காலையில் உடனே பிடிக்கிறது, ஓடிச் சூடான பின் நிறுத்தினால் அரை மணி நேரம் பிடிக்க மறுக்கிறது

முதலில் ஸ்டாப் சோலனாய்டு. சூட்டில் இதன் உள்ளேயுள்ள கம்பிச்சுருள் அறுபட்டு, ஆறியதும் ஒட்டிக்கொள்வது உண்டு. ஆகவே தொல்லை வந்திருக்கும் அந்த நேரத்திலேயே தட்டல் சோதனையைச் செய்ய வேண்டும். அடுத்து, சூட்டில் செல்ஃபின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

இரண்டும் சரியென்றால் இப்போது பம்ப்பைச் சந்தேகிக்கலாம். ரோட்டரி பம்ப்பின் ஹெட்டும் ரோட்டரும் தேய்ந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அந்த இடைவெளியில் கசிந்து, செல்ஃபின் குறைந்த வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழாது. நனைத்துப் பிழிந்த துணியைப் பம்ப்பின் தலைமேல் போட்டு, சூடேறியதும் மாற்றி மாற்றிச் சில நிமிடங்கள் குளிர வைத்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். அப்போது உடனே பிடித்தால் ஐயம் தீர்ந்தது. தண்ணீரைக் குடத்தோடு ஊற்றக் கூடாது. சூடான அலுமினிய உறையில் விரிசல் விழலாம், ஒயர் இணைப்பிலும் நீர் இறங்கும்.

பம்ப்பை இறக்குவதானால், கழற்றும் முன் பம்ப்பின் விளிம்பிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பெஞ்சில் எடுத்த அளவுகளை எழுதி வாங்குங்கள். மாற்றிய ஹெட்டையும் ரோட்டரையும் கையோடு கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, கீறலும் மங்கலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.